பதினாறு காட்டாத வண்டி

மீட்டரம்மாவின் பேட்டரி சைக்கிளில் பதினாறு என்ற வேகமே கிடையாது. பதினான்கு உண்டு. பதினைந்து உண்டு, அதிலேயே கொஞ்ச நேரம் நின்று யோசிக்கும். அப்புறம் ஒரே தாவலாகப் பதினேழு. பதினெட்டும் கிடையாது, அதற்குப் பதிலாகப் பத்தொன்பது இரண்டு தடவை வரும். ஹேண்டில்பாரின் நடுவில் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கும் அந்த டிஸ்ப்ளேவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். மீட்டரம்மா அப்படி நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக எண்களைப் படித்துத்தான் சோறு தின்கிறாள்.

குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் படிப்பது அவள் வேலை. மாடிப்படிக்குக் கீழே, பூந்தொட்டிக்குப் பின்னால், துடைப்பம் சாத்திய மூலையில் என்று மீட்டர்கள் ஒளிந்திருக்கும். கண்ணாடி வியர்த்திருக்கும், பாசி பிடித்திருக்கும், எறும்பு குடும்பத்தோடு குடியிருக்கும். குனிந்து, துடைத்து, டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். முடியாவிட்டால் போன மாதத்தை வைத்து ஒரு குத்துமதிப்புப் போட்டுக்கொள்ளலாம் என்று அலுவலகமே அனுமதித்திருக்கிறது. மற்றவர்கள் போடுவார்கள். இவள் மட்டும் கண்ணால் படித்ததைத்தான் எழுதுவாள். ஒரு பெரிய வீட்டில், "நாய் இருக்கு, சும்மா ஒரு நம்பரைப் போட்டுட்டுப் போம்மா" என்று மாடியிலிருந்து சொன்னார்கள். இவள் கேட்டுக்கு வெளியே நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாய் குரைத்தது, குரைத்தது, கடைசியில் அதற்கே அலுத்துப்போய்க் கொட்டாவி விட்டது. இவள் உள்ளே போய்ப் படித்துவிட்டு வந்தாள். மீட்டரம்மா என்ற பெயர் அந்தத் தெருவில்தான் விழுந்தது. திட்டாக விழுந்தது, போகப்போகப் பட்டமாகிவிட்டது.

புது மீட்டர்களில் எண்கள் குச்சி குச்சியாகத் தெரியும். மொத்தம் ஏழே குச்சிகள். எது தெரிகிறது, எது மறைகிறது என்பதைப் பொறுத்து ஒன்றும் வரும், ஒன்பதும் வரும். உள்ளே ஈரம் புகுந்தால் ஏதாவது ஒரு குச்சி செத்துப்போகும். கீழே இடப் பக்கத்துக் குச்சி செத்தால் ஆறு ஐந்தாகிவிடும், எட்டு ஒன்பதாகிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, முட்டி தேயத் தேயக் குனிந்து கற்றுக்கொண்டது. அதனால் போன மழைக்குப் பிறகு தன் சைக்கிளில் பதினாறு காணாமல் போனபோது அவள் பதறவில்லை. காட்டுவது ஐந்து, இருப்பது ஆறு என்று மனதுக்குள் திருத்திக்கொண்டு ஓட்டினாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். ஊரார் வீட்டு மீட்டராக இருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லி எழுதியிருப்பாள். தன்னுடையது என்றால் எல்லாருக்கும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்தான்.

அந்த சைக்கிள் வந்ததே முட்டியால்தான். போன வருடம் வலது முட்டியில் கத்தி வைத்தார்கள். "சமதளத்துல நடக்கலாம், மேடு ஏறக் கூடாது" என்றார் டாக்டர். அவளுடைய சுற்றோ தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில்தான் தொடங்கும். ஆளும் மிதிக்க மோட்டாரும் கூட மிதிக்கும் இந்த வண்டியை வாங்கி, தையல் பிரித்த மூன்றாம் மாதம் மேட்டின் மேல் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

அலுவலகத்தில் சிரிக்காத ஒருவர் மேற்பார்வையாளர். எதையும் வாயால் சொல்ல மாட்டார், சுற்றறிக்கை விடுவார். கழிப்பறைக் கதவைச் சாத்தச் சொல்வதற்கும் சுற்றறிக்கைதான். அதனால் அவர் பெயரே சுற்றறிக்கை என்று ஆகிவிட்டது. கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவரிடம் சண்டை போடலாம். இவர் இரக்கப்படுவார். ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து மீட்டரம்மாவைப் புகார் மேசை நாற்காலியில் உட்காரவைக்கத் துடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியை அவளுக்குத் தெரியும். முன்பு அதில் ஒரு வால்வுக்காரர் இருந்தார். இடுப்பு வலி என்று, "ஒரு மாசத்துக்குத்தான்" என்று சொல்லி உட்காரவைத்தார்கள். நகரத்தின் அத்தனை குழாயும் விரல் நுனியில் இருந்த மனுஷன், ஆறு வருடம் பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, அதிலிருந்தே ஓய்வு பெற்றார். உட்காரவைத்த ஆளை எழுப்பிவிட்டதாக அந்த அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கைகூடக் கிடையாது. மீட்டரம்மாவுக்கு அந்த நாற்காலியைக் கண்டால் பயம். நாய்க்குப் பயப்படாதவள் நாற்காலிக்குப் பயந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் பாதி மேட்டில் மோட்டார் நின்றது. டிஸ்ப்ளேவில் மற்ற எல்லாம் மறைந்து, 05 என்று மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. அணைத்துப் போட்டாலும் அதேதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கி, அலுவலகத்துக்கு ஒப்பந்தம் உள்ள கடையிலேயே விட்டாள். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதைச் சுற்றறிக்கை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். மறுநாளே அறிக்கைப் பலகையில் தாள் ஏறியது: திங்கள் காலை எட்டு மணிக்கு அலுவலக முற்றத்தில் ஓடும் நிலையில் வாகனத்தைக் காட்டாத களப்பணியாளர்கள் உள்வேலைக்கு மாற்றப்படுவார்கள். களப்பணியாளர்கள் என்று பன்மையில் போட்டிருந்தார். வண்டி கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனாள். பளபளவென்று துடைத்துவைத்த கடை. ஊதா நிறக் கையுறை போட்ட மெக்கானிக். அந்தக் கையுறையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை என்பதை அவள் கண் முதலில் படித்தது.

"மோட்டார் போச்சு மேடம்" என்றார் அவர். "சைபர் அஞ்சு. சுவத்துல லிஸ்ட் இருக்கு பாருங்க. இந்த மாடலுக்கு இப்ப மோட்டார் வர்றதில்ல. புது வண்டிதான் பாக்கணும்."

அவள் பட்டியலைப் பார்த்தாள். 05, மோட்டார் பழுது. அதற்குக் கீழே 06, டிஸ்ப்ளே அனுப்பும் தகவல் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"தம்பி, அது அஞ்சு இல்ல. ஆறு."

மெக்கானிக் டிஸ்ப்ளேவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நல்லாப் பாருங்க மேடம். அஞ்சுதான்."

"நல்லாப் பாக்கறதுதான் தம்பி என் பொழப்பு. அதுல கீழ இடப் பக்கம் ஒரு குச்சி செத்துப்போயிருக்கு. எட்டு மாசமா இந்த வண்டில ஆறே வந்ததில்ல. மோட்டாரைக் கழட்டிப் பாத்தீங்களா?"

"கழட்டணும்னு அவசியமில்ல. எரர் நம்பர் வந்தா முடிஞ்சது. அதான் சிஸ்டம்."

"நம்பர் சொல்றதே அந்த டிஸ்ப்ளேதானே? அதுக்கே உடம்பு சரியில்ல. சீக்காளி தன் சீக்கைத் தப்பாச் சொன்னா, டாக்டர் தொட்டுப் பாக்க வேணாமா?"

தொட்டுப் பார்க்கிற ஆளாக இருந்தால் கையுறை அழுக்காகியிருக்கும். அவர் பின்னால் அலமாரியைக் காட்டினார். அதே டிஸ்ப்ளே ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. மாட்டிப் பார்க்கச் சொன்னாள். பெட்டியைப் பிரித்தால் விற்ற மாதிரி என்றார். "அப்ப வித்த மாதிரியே வெச்சுக்குங்க" என்று எடுத்துக்கொண்டாள். மாட்டித் தரவும் மாட்டாராம். மோட்டார் என்று ரிப்போர்ட் போட்டு அலுவலகத்துக்கும் அனுப்பியாகிவிட்டது, இனி அவரே டிஸ்ப்ளேவை மாற்றினால் அவர் ரிப்போர்ட் தப்பென்று ஆகிவிடுமாம். வண்டி கெட்டாலும் ரிப்போர்ட் கெடக் கூடாது!

"நீங்களா திறந்தா கடைக்குப் பொறுப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் மெக்கானிக்.

எழுதுவதற்கா அவளுக்குச் சொல்லித் தர வேண்டும்? கட்டம் கட்டமான அந்த மீட்டர் கையெழுத்தில் எழுதினாள்: "பழுது டிஸ்ப்ளேவில். திறப்பது நான். பொறுப்பும் நான்." தேதி போட்டு, நேரமும் போட்டாள்.

மோட்டார் உதவி இல்லாத வண்டி எருமை கனம் கனத்தது. சமதளத்துத் தெருக்களாகப் பார்த்து மிதித்து வீடு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. சுற்றறிக்கை.

"ரிப்போர்ட் பாத்தேன்மா. மனசே சரியில்ல. சரி, எல்லாம் நல்லதுக்குத்தான்னு நினைச்சுக்குங்க. நாற்காலிக்கு ஒரு மெத்தைகூட வாங்கி வெச்சிருக்கேன்."

"திங்கக்கிழமை எட்டு மணின்னுதானே சார் போட்டிருக்கீங்க? இன்னைக்கு சனிதானே?" என்று சொல்லி வைத்துவிட்டாள். மெத்தை என்ற சொல் மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பழைய போர்வையை விரித்து, வண்டியை இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தினாள். கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மாதிரி இருந்தார். மாதிரிதான். ஒரே பக்கம் இருபது நிமிடமாகத் திறந்திருந்தது. அவர் செயற்கைப் பல் செய்கிறவர். நகரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கையால் ஆனது என்று அவள் கேலி செய்வாள்.

"கடைக்காரனே மோட்டார்னு சொல்லிட்டான்" என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"அவன் படிச்சதைச் சொன்னான். படிக்கத் தெரியாம படிச்சான்."

"நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலு."

"முயலுக்கு நாலு கால்தாங்க. டிஸ்ப்ளேதான் மூணு காட்டுது."

செய்தித்தாள் இறங்கியது. "உனக்கு வேடிக்கையா இருக்கு. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலு மணி நேரம் நின்னவன் நானு. நாளைக்கு மேட்டுல வண்டி சாஞ்சு அதே முட்டி அடிபட்டா? ஒரு நாற்காலி குடுக்கறேங்கறாங்க. உக்காந்தா என்ன குறைஞ்சுபோயிடும்? எனக்குப் பயமா இருக்கும்மா. அவ்வளவுதான்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயில் அவள் கேட்டதில்லை. திருகாணி கழற்ற எடுத்த ஆலன் கீயைப் போர்வையில் வைத்தாள்.

"எனக்கும் பயம்தாங்க" என்றாள். "விழுந்தா எழுந்துக்கலாம். உக்கார வெச்சுட்டா எழுந்துக்க விட மாட்டாங்க. நான் முடியாம நின்னா நானே சொல்லுவேன். ஒரு தப்பான அஞ்சு சொல்லி நான் நிக்க மாட்டேன்."

அவள் வேலையில் இறங்கினாள். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். டிஸ்ப்ளேவைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளையும் தளர்த்தினாள். கீழே போன வயரைத் தடவிக்கொண்டே போனால், விரல் தடிமனில் ஒரு உருண்டைப் பிளக். பிரித்ததும் உள்ளே பச்சையாகக் களிம்பு. ஈரம் அங்கே வரைக்கும் இறங்கியிருந்தது. "பாருங்க, பாருங்க" என்று கத்தினாள். பஞ்சால் துடைத்து, காயவைத்து, புது டிஸ்ப்ளேவை ஹேண்டில்பாரில் பொருத்தினாள். இனி பிளக்கைச் சேர்த்தால் முடிந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இங்கே நடந்தது. அந்தப் பிளக்கில் இரண்டு பக்கமும் சின்ன அம்புக்குறி இருக்கும். அம்பும் அம்பும் பார்க்கிற மாதிரி வைத்து நேராக அழுத்த வேண்டும். அவள் தண்ணீர் இலாகாக்காரி. குழாயோ, வால்வோ, மீட்டர் மூடியோ, எதுவானாலும் திருகித்தான் பூட்டுவாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம் மூளையைக் கேட்காமல் கைக்கு வந்தது. வைத்தாள், திருகினாள். உள்ளே மெல்லிசாக ஒரு நறுக்.

பிரித்துப் பார்த்தாள். வண்டிப் பக்கத்துப் பிளக்கில் ஐந்து பின்கள். மீன் முள்ளைவிடச் சின்னவை. அதில் ஒன்று மடங்கிப் படுத்துவிட்டது. தையல் ஊசியால் நெம்பப் பார்த்தாள், ஊசி வழுக்கியது. ஒடிந்தால் வண்டியின் வயர் மொத்தமும் போய்விடும், நாளை காலைக்குள் அது எங்கேயும் கிடைக்காது. போர்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வந்தது, கோபத்தில்தான். கடைக்காரரைத் தோற்கடித்துவிட்டுத் தன் கையாலேயே தோற்றாயிற்று.

கணவர் அதைப் பார்த்தார். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை. செய்தித்தாளை மறுபடி தூக்கிக்கொண்டால் போதும், நாளை அவர் மனைவி பத்திரமாக மெத்தையில் உட்கார்ந்திருப்பாள், அவர் பயமும் தீர்ந்துவிடும். இதைவிடச் சுலபமாக எந்தக் கணவருக்கும் எதுவும் கிடைக்காது.

"அந்தச் செத்துப்போன குச்சி எந்தப் பக்கம்னு சொன்ன?" என்று கேட்டார்.

"கீழ. இடப் பக்கம்."

"கீழ்ப் பல்லு." கொஞ்சம் யோசித்தார். "பல்லு போனா சொல்லு போச்சு. கீழ்ப் பல்லு இல்லாதவன் பேசினா எனக்குத்தான் புரியும், வேற யாருக்கும் புரியாது. அது ஆறுன்னுதான் சொல்லியிருக்கும், பாவம், வாயில வரல."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் எழுந்து போய்த் தன் வேலைப் பையை எடுத்துவந்தார். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போர்வையில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"டார்ச்சைப் பிடி. மூச்சு விடாத."

"நீங்கதானே உக்காருன்னீங்க?"

"இப்பவும் அதான் சொல்றேன். ஆனா கோணப் பல்லைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

முடியளவு மெல்லிய இடுக்கியால் அந்தப் பின்னைத் தொட்டார். நெம்பவில்லை. கொஞ்சம் தள்ளி, விட்டு, மறுபக்கம் கொஞ்சம் தள்ளி, விட்டு, அது தானாக எழுந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளும்படி எழுப்பினார். பத்து நிமிடம் கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. "இப்ப நேரா அழுத்து. திருகினா உன் கையைத் திருகிடுவேன்" என்றார்.

அம்போடு அம்பு வைத்து நேராக அழுத்தினாள். பேட்டரியை மாட்டிப் பொத்தானை அமுக்கியதும் டிஸ்ப்ளே விழித்துக்கொண்டது. 05 இல்லை, 06 இல்லை, ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் மீட்டரம்மா உடனே மயங்கிவிடுகிறவள் இல்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். சக்கர அளவு இருபத்தெட்டு என்று இருந்தது, இவள் சக்கரமோ இருபத்தாறு. அப்படியே விட்டால் வேகத்தைக் கூட்டிச் சொல்லும். "பழசு ஆறைக் குறைச்சுப் பொய் சொல்லிச்சு, நீ கூட்டிப் பொய் சொல்லலாம்னு பாக்கறியா?" என்று அதட்டி இருபத்தாறாக்கினாள். மோட்டார் உதவியை ஒன்றாம் நம்பரில் வைத்து, குனிந்து பெடலைக் கையால் சுற்றினாள். மோட்டார் முனகியது. தரையைத் தொடாமல் பின்சக்கரம் சுழன்றது. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. அப்புறம் எட்டு மாதமாக அவள் பார்க்காத எண் வந்து, அங்கேயே நிலைத்து நின்றது.

கணவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்த்தார். "முளைச்சிருச்சு" என்றார். சொன்னது சந்தோஷத்திலா பயத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழு, போ."

திங்கள் காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மீட்டரம்மா முற்றத்தில் வந்து இறங்கினாள். சுற்றறிக்கை ஒரு கையில் கடை ரிப்போர்ட்டும் இன்னொரு கையில் படிவமுமாக நின்றார். ஜன்னலுக்குள்ளே நாற்காலியில் நீல மெத்தை போட்டிருந்தது. நல்ல மெத்தை, குறை சொல்ல முடியாது.

"ஓட்டிட்டேவா வந்தீங்க?" என்றார். "ஆனா ரிப்போர்ட்ல மோட்டார் போச்சுன்னு இருக்கேம்மா. நான் எதை வெச்சு எழுதறது?"

அவள் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினாள். "இங்க வாங்க சார். நீங்களே படிங்க."

"பரவால்லம்மா, நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"நான் சொன்னா அது என் கணக்கு. குனிஞ்சு படிங்க சார்."

முற்றத்தில் நின்ற மற்ற களப்பணியாளர்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். பதினோரு வருடமாக மீட்டர் படிக்கிறவர்களை மேய்த்த மனிதர் ஒரு மீட்டருக்குக்கூடக் குனிந்ததில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் பெடலைச் சுற்றினாள். சக்கரம் சுழன்று, வேகம் பிடித்து, நிலைத்தது.

"பதினாறு" என்று படித்தார்.

"நல்லாப் பாத்தீங்களா? அஞ்சா, ஆறா?"

"ஆறுதாம்மா. பதினாறு."

"அப்ப வாகன நிலைங்கற இடத்துல அதையே எழுதுங்க. உங்க கண்ணால படிச்சது. ரிப்போர்ட்ல படிச்சது இல்ல."

எழுதினார். வேறு என்ன செய்வார்? எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "மெத்தையை என்ன பண்றதும்மா?"

"நீங்க போட்டுக்குங்க சார். குனிஞ்சு பழக்கமில்ல, இடுப்பு வலிக்கும்."

பின்னால் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நோட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டுக்கு வண்டியை விட்டாள். வியாழக்கிழமை நின்றுபோன இடம் வந்தது. முட்டி கொஞ்சம் முனகியது, மோட்டாரும் முனகியது. டிஸ்ப்ளேவைப் பார்த்தாள். இத்தனை நாளும் இந்த இடத்தில் ஒன்பது என்று காட்டும். இன்று எட்டு. உள்ளபடியே எட்டு. எட்டு போதும் என்று சொல்லிக்கொண்டு மிதித்தாள்.